ஆளோலையும் பொய்யோலையும்

நம்பியாரூரர் மீது தொடுக்கப்பட்ட அடிமை வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஆராய்ந்த முறையைச் சேக்கிழார் பெருமான் விரித்தோதியிருத்தலைச் சைவர் யாவரும் அறிவர். மணப்பந்தரிற் புகுந்து வழக்கிட்ட முதிய அந்தணர், தம் சொல் ஒன்றனையே சான்றாகக் கொள்ளுமாறு அவையத்தாரை வேண்டினாரல்லர். அவையத்தாரும், வந்தவர் மூப்புடையார், மறையவர், பொலிந்த தோற்றத்தினர் என்பது பற்றி அவர்பாற் சாய்ந்தாரல்லர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றேனும் காட்டுக என்றனர். படியோலை முன்னரே கிழிக்கப்பட்டமையின் மூலவோலை வெளிவந்தது. அதுகண்டும் அவர்கள் அமைந்திலர். அதன்கண் உள்ள எழுத்து ஆரூரரின் பாட்டனார் எழுத்தேயோ என்பதைத் துணிதற்கு, அவர் எழுதிக் காப்பிலிருந்த வேறோர் ஓலையை வருவித்து, இரண்டனையும் ஒருங்கு வைத்து ஒத்துநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். வழக்காட வந்தவர் இறைவரே என்பது தீர்ப்பின் பின்னர் வெளிப்பட்டதேயன்றி அதற்கு முன்னர் அன்று. இறைவர் தாமே ஓலை கொணர்ந்தவழியும் அவ்வோலை ஆராய்ச்சிக்கு உட்பட்டது. அவரும் அதற்கு உடன்பட்டு நின்றார்.

இவ்வரலாற்றை ஈண்டு எடுத்தோதியதன் காரணம் ஒன்று உண்டு. சைவத்தில் வழங்கும் தீக்கைக்கு நிகரானதொரு தீக்கை மேனாட்டிலும் தொன்றுதொட்டு வழிவழியாக வந்துளது எனவும், அவ்வழியைக் காத்துப்போந்தது இலண்டன் மாநகரில் 1888-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற 'ஹெர்மெடிக் ஆர்டர் ஆஃப் தி கோல்டன் டான்' என்னும் மறைவுக் குழுவே எனவும் கூறுவார் உளர். பொற்புலரிச் சங்கம் என அப்பெயரைத் தமிழாக்கிக் கொள்ளலாம். சடங்குவழி மாந்திரிகத்தைப் படிப்படியாகப் பயிற்றிய அச்சங்கத்தார், தம் கிளைகளைக் கோயில்கள் என்றும், புகுவோரைத் தீக்கை பெற்றோர் என்றும் வழங்கினர். தத்துவம் என்னும் வடசொல்லையும் எடுத்தாண்டனர். இவை பற்றியே, 'சித்தாந்திகள் கூறுவதும் அவர்கள் செய்ததும் ஒன்றே. குருமரபு என்பது எங்கும் இத்தன்மையதே' என்று சிலர் துணிந்துரைக்கின்றனர். வேறு சிலர் அதனை மறித்து, 'அம்மரபு புனைந்துரை என்று புலப்பட்டமையின், குருமரபு என்று சொல்லப்படுவன அனைத்தும் புனைந்துரையே' என்று முடிக்கின்றனர். இருதிறத்தாரும் ஒரே பிழையையே செய்கின்றனர். ஓலைகளுள் வேற்றுமை காணாமையே அப்பிழையாம்.

சங்கத்தைத் தோற்றுவித்தார் மூவர். இலண்டனில் கொரோனர் என்னும் மரண விசாரணை அதிகாரியாக இருந்த மருத்துவர் வில்லியம் வின் வெஸ்ட்காட், சாமுவேல் லிடல் மெக்கிரெகர் மேதர்ஸ், முதியவராகிய மருத்துவர் வில்லியம் ராபர்ட் உட்மன் என்போர் அவர். மூவரும் பிரீமேசன் சங்கத்தார். அச்சங்கத்தாருள்ளும் ரோசிக்குரூசிய ஆராய்ச்சியின்பொருட்டு 1860-களில் அமைந்த தனிக்குழுவிற் சேர்ந்தவர். உட்மன் அக்குழுவின் தலைவராகவும் இருந்தார். இவர்கள் அறிவிலிகள் அல்லர். மேதர்ஸ் 1887-இல் கபாலா நூல்கள் சிலவற்றை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டவர். வெஸ்ட்காட் நூற்பயிற்சி மிக்கவர். பொருளாசையால் இத்தொழிலிற் புகுந்தவராகவும் அவர் தோன்றவில்லை. இவ்வளவும் ஒப்புக்கொண்டே மேற்செல்லுதல் முறைமை.

வெஸ்ட்காட் கூறிய வரலாறு வருமாறு: ஏறக்குறைய அறுபது தாள்கள் அடங்கிய மறையெழுத்துச் சுவடி ஒன்று 1887-இல் உட்ஃபோர்டு என்னும் பாதிரியாரிடமிருந்து தமக்குக் கிடைத்தது; அதன்கண் தீக்கைச் சடங்குகள் சிலவற்றின் சுருக்கம் எழுதப்பட்டிருந்தது; அதனோடிருந்த தாளொன்றில் ஜெர்மனி நாட்டுப் பெருமாட்டி அன்னா ஸ்பிரெங்கல் என்பார் பெயரும் உறையுளும் குறிக்கப்பெற்றிருந்தன; அவர்க்குத் திருமுகம் எழுத, அவரும் விடையிறுத்து, இங்கிலாந்தில் கிளை நிறுவ உரிமை வழங்கினார். இவ்வுரிமையின் பேரில் 1888-ஆம் ஆண்டு மார்ச்சு முதல்நாள் இட்ட ஆணையால், 'ஐசிஸ்-யுரேனியா' என்னும் கோயில் இலண்டனில் தோன்றிற்று. அதற்கு இட்ட எண் மூன்று. முதற்கோயில் ஜெர்மனியிலும் இரண்டாவது இங்கிலாந்திலும் முன்னரே இருந்தன என்பது அவ்வெண்ணால் உணர்த்தப்பட்டது.

இனி, வெண்ணெய்நல்லூர் அவையத்தார் கேட்ட மூன்றனையும் இவர்பாற் கேட்போமாக.

முதற்கண் ஆட்சி. முன்னிருந்தனவாகச் சொல்லப்பட்ட இருகோயில்களிலும் வழிபட்டார் எவர்? அவற்றிற் பயின்று வந்தேன் என்று கூறி மூன்றாங் கோயிலிற் புகுந்தார் ஒருவரும் இலர். ஒன்று, இரண்டு என்னும் எண்களுக்கு இடம்விட்டு மூன்றிலிருந்து எண்ணத் தொடங்குதல், பழமை இல்லாதவிடத்துப் பழமையைத் தோற்றுவிக்கும் உபாயமன்றிப் பிறிதில்லை. சங்கத்திற் கூறப்பட்ட படிநிலைப் பெயர்கள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் இருந்த பொற்சிலுவை-ரோசாச் சிலுவைக் குழுவினின்றும், அதனைப் பின்பற்றிய ஆங்கில மேசன் குழுவினின்றும் எடுக்கப்பட்டன. அஃது எடுத்தாளுகையேயன்றி வழிவழி ஆட்சி அன்று. அவ்வாறு நோக்குங்கால் ரோசிக்குரூசிய மரபின் தொடக்கமும் இத்தகையதே. 1614-இல் காசல் நகரில் அச்சேறிய சிற்றறிக்கை ஒன்று, ஒருவராலும் காணப்படாத சகோதரர் குழுவைப் பற்றி ஐரோப்பா முழுதும் பேசும்படி செய்தது. அறிஞர் பலர் அச்சகோதரர்க்கு வெளிப்படையாக விண்ணப்பம் எழுதி அச்சிட்டுக் காத்திருந்தனர். விடை வந்ததாக வரலாறு இல்லை. 1616-இல் வெளிவந்த மூன்றாம் நூலை இயற்றியவர் யோகான் வாலன்டைன் அந்திரேயே; அவரே பிற்காலத்தில் அதனை விளையாட்டு என்று குறிப்பிட்டார். விளையாட்டாக விதைத்தது இருநூற்றெழுபது ஆண்டின் பின்னர் இலண்டனிற் பயிராயிற்று.

அடுத்தது ஆவணம். இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வழக்கின் உயிர்நிலை இதுவே ஆகலின்.

மறையெழுத்துச் சுவடியின் எழுத்து, டிரித்தீமியஸ் என்னும் ஜெர்மானியத் துறவி இயற்றி 1518-இல் அச்சேறிய நூலிற் காணப்படுவது. தாள்களிற் சிலவற்றின் நீர்க்குறி 1809-ஆம் ஆண்டைக் காட்டுகின்றது. எழுத்தும் பழையது, தாளும் பழையது. ஆகவே சுவடியும் பழையது என்று காண்பார் எண்ணுதல் இயல்பு. ஆனால் அவ்வெழுத்தைப் பெயர்த்துப் படிக்குங்கால் வெளிப்படும் மொழி யாது? ஜெர்மனும் அன்று, இலத்தீனும் அன்று, ஆங்கிலமே. ஜெர்மானிய மரபின் மறைநூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டமைக்குக் காரணம் யாது என்னும் சிறு வினாவைத் தானும் முதலிற் சேர்ந்தவர்கள் ஊன்றிக் கேட்டிலர். பொருளை நோக்கினும் அதுவே. டாரட் என்னும் சீட்டுக்கட்டின் படங்களை எபிரேய நெடுங்கணக்கின் எழுத்துக்களோடு இணைக்கும் முறை அச்சில் முதன்முதல் வெளிவந்தது பாரிசு நகரில் 1781-இல். அதனை மாந்திரிகத்திற்கு அடிப்படையாக்கிப் பரப்பியவர் 1850-களில் எழுதிய எலிபாஸ் லேவி. சுவடியோ அவ்விணைப்பைச் சிறிது மாற்றித் தன் சடங்குகளிற் கலந்துவைத்துளது. மகன் தந்தைக்கு மூத்தவனாதல் யாண்டும் இல்லை. பழைய தாளைத் தேடி எடுத்து, பழைய எழுத்தால், புதிய செய்தி எழுதப்பட்டது என்பதே பெறப்படும். எழுதியவர் கென்னத் மெக்கென்சி என்னும் மேசன் அறிஞர் என்பதே இக்கால ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அவர் 1886-இல் இறந்தார். அவருடைய தாள்கள் சில வெஸ்ட்காட் கைக்கு வந்தன.

சுவடியை எழுதியவர் தம் கற்பனைக்காக எழுதிவைத்தார் எனக் கொண்டு அவரைப் பொறுத்துவிடலாம். திருமுகங்களைப் பொறுத்தற்கு இடமில்லை. அன்னா ஸ்பிரெங்கல் என்பார் எழுதினவாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் ஜெர்மன் மொழியில் உள்ளன. 1972-இல் எல்லிக் ஹோவ் என்னும் வரலாற்றாசிரியர் அச்சங்கத்தின் ஆவணங்களை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அக்கடிதங்களின் ஜெர்மன், அம்மொழியைத் தாய்மொழியாக உடையார் எழுதியதன்று என்பதும், ஆங்கிலத்தில் எண்ணி ஜெர்மனில் எழுதுவார் செய்யும் பிழைகள் அதன்கண் மலிந்துள்ளன என்பதும் அவ்வாராய்ச்சியால் விளங்கின. மேலும், அவ்வம்மையார் விரைவிலேயே தம் பெயரால் கையெழுத்திடும் உரிமையையும் வெஸ்ட்காட்டிற்கு வழங்கிவிட்டனராம்! அறிவுடையான் விண்மீன்களை ஆள்வான் என்னும் பொருள்பட்ட இலத்தீன் தொடரே அவர்க்குச் சங்கப்பெயர். அப்பெயரை ஆணையில் வெஸ்ட்காட் கையே எழுதிற்று. உரிமை வழங்குவோரும் பெறுவோரும் ஒரே எழுதுகோலைப் பிடித்த விந்தை இது. 1890-இல் அவ்வம்மையார் இறந்தார் என்றும், இனி ஜெர்மனியிலிருந்து யாதும் வாராது என்றும் அறிவித்த கடிதத்தோடு திருமுகப் போக்குவரத்து முடிவுற்றது. வேண்டியபோது தோன்றி, வேண்டியன வழங்கி, வினவுதற்குரிய காலம் வந்தபோது மறைந்தார்.

இனி அயலார் காட்சி. சுவடி தந்ததாகச் சொல்லப்பட்ட உட்ஃபோர்டு பாதிரியார் 1887 டிசம்பரில், சங்கம் தோன்றுமுன்னரே, காலமானார். உட்மன் 1891-இற் காலமானார். ஸ்பிரெங்கல் அம்மையாரை நேரிற் கண்டார் ஒருவரும் இலர். வெஸ்ட்காட்டும் கண்டிலர். எஞ்சிய சான்று மேதர்ஸ் ஒருவரே. அவர் சான்று எவ்வாறு அமைந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் நகைச்சுவைப் பகுதி.

மேதர்ஸ் 1892 முதல் பாரிசு நகரில் வாழ்ந்து, சங்கத்தின் உள்வட்டத்தைத் தாமே ஆண்டார். ஜெர்மானிய அம்மையார்க்கு மேற்பட்ட மறைந்துறை தலைவர்கள் சிலரோடு தாம் தொடர்புடையவர் என்றும், அவர்களின் உலகப்பெயர்களைத் தாமும் அறியார் என்றும் 1896-இல் எழுதிய அறிக்கையிற் கூறி, உள்வட்டத்தார் தமக்குக் கீழ்ப்படிந்தொழுக உறுதியெழுதித் தருமாறு கேட்டார். அவர்க்குப் பொருளுதவி புரிந்துவந்த ஆனி ஹார்னிமன் என்னும் மாதரார் அவ்வாண்டின் இறுதியிற் சங்கத்தினின்றும் நீக்கப்பட்டார். 1897-இல் வெஸ்ட்காட்டும் விலகினார். அரசாங்க அலுவலர் ஒருவர் மாந்திரிகக் குழுவில் தலைவராயிருத்தல் மேலதிகாரிகளுக்குத் தெரியவந்தமை காரணம் என்பர். 1900 பிப்ரவரி 16-ஆம் நாள் மேதர்ஸ் இலண்டனிலிருந்த ஃப்ளாரன்ஸ் ஃபார் அம்மையார்க்குக் கடிதம் ஒன்று வரைந்தார். மறைந்துறை தலைவரோடு வெஸ்ட்காட் என்றும் தொடர்புற்றவரல்லர் எனவும், ஸ்பிரெங்கல் கடிதங்களை அவர் தாமே பொய்யாக எழுதினார் அல்லது எழுதுவித்தார் எனவும் அதன்கண் வெளிப்படக் கூறினார். பன்னீராண்டு அப்பொய்யின் நிழலில் இருந்து ஆட்சி நடத்தியவர் வாயினின்றே அவ்வுண்மை வெளிவந்தது.

வாய்மைப்பற்றால் வெளிவந்ததோ எனின், அன்று. மெய்யான ஸ்பிரெங்கல் அம்மையார் இறந்திலர், பாரிசில் தம்மிடமே வந்துளார் என்று மேதர்ஸ் அப்போது நம்பியிருந்தமையால், போலிக் கடிதங்கள் அவர்க்கு வேண்டாதனவாயின! வந்தவரோ ஹோராஸ் சீமாட்டி என்று தம்மை வழங்கிக்கொண்ட ஒரு வஞ்சகி. சங்கத்தின் சடங்குச் சுவடிகளைக் கவர்ந்துகொண்டு அவரும் அவர் கணவரும் மறைந்தனர். இலண்டனில் வேறொரு குழுவைத் தொடங்கினர். இளம்பெண்கள்பால் இழைத்த கொடுங்குற்றத்திற்காக 1901 டிசம்பரில் இலண்டன் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். கணவனுக்குப் பதினைந்தாண்டும் மனைவிக்கு ஏழாண்டும் சிறை. வழக்கின்போது பொற்புலரிச் சங்கத்தின் தொடக்கநிலைச் சடங்கு நீதிமன்றத்தில் வெளிப்படப் படிக்கப்பட்டு நாளிதழ்களின் நகைப்பிற்கு இலக்காயிற்று. பொய்க்குரவரை ஒருவர் படைத்தார். படைக்கப்பட்ட உருவில் மற்றொருவர் வந்து அமர்ந்தார். உண்மை அறிவதாகச் சொன்ன மூன்றாமவர் வணங்கி ஏற்றார். வெறுமையான இருக்கையை இட்டுவைத்தால் அதில் வந்தமர்பவரைத் தடுப்பார் யார்?

மேதர்ஸின் கடிதங் கண்டு கலங்கிய இலண்டனார், கவிஞர் யேட்ஸ் உள்ளிட்ட குழுவை அமைத்து வெஸ்ட்காட்டை வினவினர். அவர் அக்குற்றச்சாட்டை உண்மை என்றும் ஒப்பவில்லை, பொய் என்றும் மறுக்கவில்லை. தமக்குச் சான்றாவார் இறந்துவிட்டனர் என்ற அளவில் அமைந்தார். குழுவின் அதிகாரத்தையே மேதர்ஸ் மறுத்தார். அவ்வாண்டு ஏப்பிரலில் அலெய்ஸ்டர் கிரௌலி என்பாரை அனுப்பி, ஹாமர்ஸ்மித்தில் பிளைத் சாலை 36-ஆம் எண் இல்லத்திலிருந்த சங்கத்தின் உள்ளறையைக் கைப்பற்ற முயன்றார். போலீசார் வந்து தீர்க்கவேண்டியதாயிற்று. உலகின் பேரறிவுக்கு வாயில் என்று சொல்லப்பட்ட அறையின் உரிமை, வாடகைவீட்டு வழக்காக முடிந்தது.

இவ்வளவும் அறிந்தபின், அன்பர் சிலர்க்கு எழும் வினா ஒன்று உண்டு. இத்துணைப் படித்தவர்கள் இப்பொய்யைச் செய்யவேண்டியதென்னை? இவ்வினாவுக்கு விடை சென்னை அடையாற்றை நோக்கினாற் புலப்படும். 1875-இல் நியூயார்க்கில் தொடங்கி 1882-இல் அடையாற்றிற் குடிபுகுந்த தியசாபிகல் சங்கம், இமயத்து மகாத்துமாக்கள் என்போர் எழுதினவாகக் கடிதங்களைக் காட்டிற்று. 1884-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழில் அக்கடிதங்களைப் பற்றிய குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. 1885-இல் இலண்டன் ஆவியாராய்ச்சிச் சங்கத்தின் பொருட்டு ஹாட்சன் என்பார் எழுதிய அறிக்கை அவற்றைப் போலி என்றது. (1986-இல் அச்சங்கத்தின் இதழிலேயே வெர்னன் ஹாரிசன் என்பார் ஹாட்சன் ஆராய்ச்சியின் குறைகளை விரித்துக் காட்டினார் என்பதையும் மறைத்தல் ஆகாது.) கடிதங்கள் மெய்யோ பொய்யோ, அவை செய்த வேலை ஒன்று, கண்காணா ஆசிரியர் அஞ்சல்வழி அருள்செய்வர் என்னும் எண்ணம் இலண்டனில் வேரூன்றிற்று. பிளவாட்ஸ்கி அம்மையார் 1887-இல் அந்நகரிற் குடியேறினார். வெஸ்ட்காட்டும் மேதர்ஸும் அவ்வட்டத்திற் பழகியவர். கீழ்நாட்டிற்கு மகாத்துமாக்கள் உளராயின் மேல்நாட்டிற்கும் ஒருவர் வேண்டுமன்றோ? சங்கம் தொடங்குதற்கு வேண்டிய நூலும் சடங்கும் ஆட்களும் அவர்கள்பால் இருந்தன. குரு ஒருவர்தாம் இல்லை. குருவின்றித் தீக்கை இல்லை என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். அவ்வுணர்ச்சி மெய்யானதே. அதனைத் தாங்களே இட்டுநிரப்பத் துணிந்ததே பிழை.

இனித் தடைகளை நோக்குவாம். 'சைவத்திலும் ஓலைகள் உள. ஆலவாய்ப் பெருமான் சேரமானுக்குத் திருமுகம் விடுத்தார். பெற்றான் சாம்பான் தில்லைப் பெருமான் தந்த ஓலையோடு உமாபதி தேவர்பாற் சென்றார். அவற்றை ஏற்கும் சைவர் ஸ்பிரெங்கல் ஓலையை மறுத்தல் எங்ஙனம்?' என்பது ஒரு தடை. நன்று, அவ்விரண்டனையும் உற்றுநோக்குக. பாணபத்திரர் திருமுகத்தைத் தாமே தாங்கிச் சேரமான் முன் நின்றார். அதனால் அவர் பெற்றது பொருள், தீக்கையன்று. பெற்றான் சாம்பான் கொணர்ந்த ஓலை, தீக்கை செய்க என்று குருவுக்கு இட்ட ஆணை. அவர்க்குத் தீக்கை செய்தது ஓலையன்று. உமாபதி தேவர், நேரே, தம் கண்முன் நிறுத்திச் செய்தார். ஓலை மாணவனைக் குருவினிடம் ஆற்றுப்படுத்திற்று. குருவின் இருக்கையில் தான் அமர்ந்திலது. ஸ்பிரெங்கல் ஓலையோ குரு இல்லாதவிடத்துக் குருவாயிற்று.

இவ்வேற்றுமை சித்தாந்தத்தின் அடிப்படையிலேயே உள்ளது. இறைவன் விஞ்ஞானகலர்க்கு உள்நின்றுணர்த்துவன். பிரளயாகலர்க்குத் தன் அருள்மேனி காட்டி முன்னின்றுணர்த்துவன். சகலர்க்கு மானுடக் குருமேனியில் மறைந்துநின்றுணர்த்துவன். சகலராகிய மக்கட்குக் கண்ணாற் காணப்படும் மானுட வடிவே வேண்டும் என்பது சிவஞானபோத எட்டாஞ் சூத்திரத்தின்கண் மெய்கண்ட தேவர் நாட்டிய முடிபு. நயனம், பரிசம், வாசகம், மானதம், சாத்திரம், யோகம், ஔத்திரி என்னும் தீக்கை வகைகளுள் எதுவாயினும், மாணவனை அறிந்து ஆராய்ந்த ஆசிரியன் அருகிருந்து செய்வதேயாம். மானத தீக்கையும் காணாதார் காணாதார்க்குச் செய்வதன்று. மறைந்துறை தலைவர் என்பது சித்தாந்த நோக்கிற் குருவின் மேன்மையைக் காட்டும் பெயர் அன்று. குரு வந்திலர் என்பதற்கு மற்றொரு பெயரே.

'ஆயின் உங்கள் அகச்சந்தானத்தை எவர் கண்டார்? திருக்கயிலையில் நந்திதேவர் முதலாகப் பரஞ்சோதி முனிவர் ஈறாக வந்த வழிக்கு ஆவணம் எங்கே?' என்பது வன்மையான தடை. இதற்கு மழுப்பி விடையிறுத்தல் தகாது. கயிலை மரபு வரலாற்றாசிரியன் கேட்கும் ஆவணத்தால் நாட்டப்படுவதன்று; அது நம்பிக்கையால் ஏற்கப்படுவது. அதற்கெனச் சித்தாந்தி எவரும் பழந்தாள் தேடிப் பொய்யோலை எழுதினாரல்லர். அன்றியும், மெய்கண்டார் தம் நூலைப் பரஞ்சோதியார் பெயரைச் சான்றாக்கி நிறுவினாரல்லர். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வகுத்து, உலகு உளதாதலையும் அது தோன்றி நின்று ஒடுங்குதலையும் கொண்டு இறைவன் உண்மையை நாட்டுதலே அந்நூலின் தொடக்கம். பரஞ்சோதியாரை அறியாதவனும் அவ்வளவை முறையை எடுத்து ஆராயலாம், மறுக்கவுஞ் செய்யலாம். அருணந்தி தேவர், மறைஞானசம்பந்தர், உமாபதி தேவர் என்போர் இன்ன ஊரில் வாழ்ந்தார், இன்னாரிடங் கேட்டார் என்பது நாடறிந்த செய்தி. அருணந்தியாரும் உமாபதியாரும் இயற்றிய நூல்கள் கையில் உள்ளன. சிவஞானசித்தியார் பரபக்கம் பிறர் கொள்கைகளைப் பெயர் சுட்டி எடுத்து அவையின்கண் ஆராய்கின்றது. பொற்புலரிச் சங்கத்திற்கோ கடிதத்தை நீக்கிவிடின் உரிமை சொல்ல யாதும் எஞ்சவில்லை. அதனாலன்றோ 1900-இல் ஒரு கடிதம் வந்த அளவிற் சங்கம் சிதறலாயிற்று!

ஆகமங்களும் தீக்கை பெறாதார்க்கு மறைக்கப்படுவனதாமே என்பாரும் உளர். மறைக்கப்படுவது செய்முறை; மறைக்கப்படாதது ஆசிரியன் யார் என்பது. இலண்டனில் மறைக்கப்பட்டது பின்னது.

மூன்றாவதாக, 'தோற்றம் எதுவாயினும் என்? பயன் கண்டோர் பலர். யேட்ஸ் 1890-இற் சேர்ந்து நெடுநாள் இருந்தார். 1923-இல் நோபெல் பரிசு பெற்றார். பெண்டிரையும் ஆடவர்க்கு நிகராக ஏற்ற சிறப்பும் அச்சங்கத்திற்கு உண்டு' என்பர். அச்சிறப்பு உண்மையே, மேதர்ஸ் சடங்குகளை யாத்த திறமையும் உண்மையே. ஆயினும் ஒரு வீட்டிலிருந்து இனிய பாட்டெழுந்தமை அவ்வீட்டின் பட்டயம் மெய் என்பதற்குச் சான்றாகுமோ? பாட்டைப் பாட்டாகப் போற்றுக. பட்டயத்தைப் பட்டயமாக ஆராய்க.

எஞ்சியது தத்துவம் பற்றியது. சைவர் சிலர் மகிழ்வதும் இதனைக் கண்டே. ராமப்பிரசாத் என்பார், சிவபெருமான் உமாதேவியார்க்கு அருளியதாக அமைந்த சுரசாத்திரம் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கினார்; தியசாபிகல் வெளியீடாக 1890-இல் அது நூலுருப் பெற்றது. பொற்புலரிச் சங்கத்தார் அதனின்றும் ஐம்பூத வடிவங்களை எடுத்துக்கொண்டனர். பிருதிவிக்கு மஞ்சட் சதுரம், அப்புவுக்கு வெள்ளிப் பிறை, தேயுவுக்குச் செம்முக்கோணம், வாயுவுக்கு நீல வட்டம், ஆகாயத்திற்குக் கருமுட்டை என ஐந்தையும், ஒன்றனுள் ஒன்றை வைத்து இருபத்தைந்தாக்கி அட்டைகளில் எழுதினர். அவற்றை விழித்து நோக்கி, பின் வெண்சுவரில் தோன்றும் மாற்றுநிறத்தைக் கண்டு, அதனை ஒரு கதவமாகப் பாவித்து உட்புகுந்து காட்சிகள் காண்பது அவர் பயிற்சி.

இதனைச் சைவ தத்துவம் மேனாட்டிற் கொடியேற்றியதாகக் கருதுவோர் உண்மைவிளக்கத்தை ஒருமுறை எடுத்து நோக்குவாராக. மனவாசகங்கடந்தார் கூறும் பூத வடிவங்களில் நிலம் நாற்கோணம், நீர் பாதிமதி, தீ முக்கோணம் என்பன அவற்றோடு ஒக்கும். காற்று அறுகோணம், வான் வட்டம் என்பன ஒவ்வா. இது சிறு வேற்றுமை. பெருவேற்றுமை யாதெனின், அவ்வாசிரியர் இவற்றைக் கூறியது இவற்றுட் புகுதற்கன்று. இவை நீ அல்லை என்று கண்டு கழித்தற்கு. முப்பத்தாறு தத்துவங்களுள் இவை ஐந்தும் கடைப்படி. தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி என்னும் மூன்றும் தசகாரியத்தின் தொடக்கம் மாத்திரையே. அவற்றின் மேலும் ஆன்மரூபம் முதலாகச் சிவபோகம் ஈறாக ஏழு நிலைகள் உள. சிறைச்சாலையின் சுவர்களை எண்ணி அறிந்து வெளியேறுக என்று ஆசிரியர் கூறிய கணக்கை, அச்சுவர்களில் ஓவியம் எழுதிக் கண்டுகளித்தற்குப் பயன்படுத்தினாற்போல்வது இது. சொல்லும் வடிவும் சைவத்தினின்றும் சென்றன. அவை சென்றது நூல்வழி. ஆசிரியன் உடன் சென்றிலன். சென்றிருப்பின் கதவைத் திறவாதே, கடந்துபோ என்றிருப்பான்.

பிளவுற்ற சங்கத்தார் 1903 முதல் வெவ்வேறு பெயரால் வெவ்வேறு வழி சென்றனர். அவருள் ஃபெல்கின் என்னும் மருத்துவர், ஸ்பிரெங்கல் அம்மையாரின் மரபினரையும் மெய்யான ரோசிக்குரூசியரையும் தேடி ஜெர்மனிக்குப் பயணஞ் செய்தார். பின்னர் நியூசிலாந்தில் ஹேவ்லாக் நார்த் என்னும் ஊரிற் குடியேறினார். அவர் அங்கு நிறுவிய கோயில் 1978 வரை நடைபெற்றது. சடங்குகளை இசுரேல் ரெகார்டி 1937 தொடங்கி நான்கு தொகுதிகளாக அச்சிட்டமையின் மறைத்தற்கு யாதும் எஞ்சவில்லை. வெஸ்ட்காட் தென்னாப்பிரிக்காவிற்குச் சென்று 1925-இல் டர்பன் நகரிற் காலமானார். ஸ்பிரெங்கல் கடிதங்களை எழுதியவர் யார் என்று 1900-இல் இலண்டனார் கேட்ட வினாவுக்கு அவர் விடை கூறியதில்லை.